தரையில் வைக்காத கால்

என் எழுத்து நேராக வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. எது முந்தி நடந்தது, எது பிந்தி நடந்தது என்று சில இடத்தில் தடுமாறுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லக் கூச்சமான விஷயம் வேறு. என் இடது காலைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ரிவர்ஸ்டன் பக்கத்து மலையில் தேயிலைக் கொழுந்து பறித்தேன். ரெண்டாவது பிள்ளை பிறந்த பிறகு கெண்டைக்காலில் நரம்பு நீலமாகப் புடைத்துச் சுருண்டு வந்தது. எங்கள் லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டின தோட்டத்து வீடுகளில், நிறையப் பெண்களுக்கு அப்படித்தான். நாள் முழுக்கச் சரிவில் நின்றால் நரம்பு சுருளாமல் என்ன செய்யும் என்று பேசிக்கொள்வோம். அதை ஒரு நோய் என்று யாரும் நினைக்கவில்லை. சாயங்காலம் கால் நனைந்த சாக்கு மாதிரி கனக்கும். சேலையைக் கணுக்கால் வரைக்கும் இறக்கிக் கட்டிக்கொள்வேன், அவ்வளவுதான்.

வேலையை விட்டு ரொம்ப நாளைக்குப் பிறகு, கணுக்காலுக்கு உட்பக்கம் அரிப்பு எடுத்தது. தோல் கறுத்துத் தடித்தது. விறகுக்குப் போன ஒரு நாள் தேயிலைக் கட்டை அந்த இடத்தில் கீறிவிட்டது. சின்னக் கீறல்தான், ஆனால் ஆறவே இல்லை. மஞ்சள் வைத்தேன், மருந்துக் கடைக் களிம்பு பூசினேன். மழை போய் வெயில் வந்தது. புண் மட்டும் ஈரமாகவே கிடந்தது.

லயத்தில் அடுத்த காம்பராவில், அதாவது பக்கத்து அறையில், இருக்கிற மதினி குனிந்து பார்த்தாள். நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் மதினி என்றுதான் கூப்பிடுவோம். "இது சீனி வியாதி. கால எடுத்துருவாங்க, மதினி."

தோட்டத்து மருந்து வீட்டில் இரத்தம் பார்த்தார்கள். சீனி இல்லை.

"அப்ப செய்வினதான்" என்றாள் அவள். சீனி இல்லாதது அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

நான் சிரித்தேனே தவிர, கால் போய்விடுமோ என்ற பயம் உள்ளே உட்கார்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் ரத்தோட்டை பஸ்ஸில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

டாக்டர் ஒரு சிங்களப் பொம்பளைப் பிள்ளை. தமிழும் கலந்து பேசினார். நான் கட்டிலில் படுக்கப் போனேன். "படுக்க வேணாம் அம்மே. முதல்ல நில்லுங்க, நின்னாத்தான் நரம்பு தெரியும்" என்றார். ஒரு பலகைப் படியில் ஏற்றி, சேலையைத் தொடை வரைக்கும் தூக்கச் சொன்னார். என் கை தூக்க மறுத்தது. வீட்டுக்காரர் சுவரில் இருந்த படத்தைப் பார்க்கிற மாதிரி திரும்பி நின்றார். டாக்டர் காலில் குளிர்ந்த பசையைப் பூசி ஒரு கருவியை வைத்து நகர்த்தினார். கெண்டையை அமுக்கி விட்டதும் உஸ்ஸென்று ஒரு சத்தம். அது என் இரத்தம் போகிற சத்தமாம்.

அவர் சொன்னதை என் புத்திக்கு எட்டினபடி எழுதுகிறேன். கால் நரம்புக்குள்ளே சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. மேலே போகிற இரத்தம் திரும்பி இறங்காமல் அவை மூடிக்கொள்ளும். எனக்கு அந்தக் கதவுகள் கெட்டுவிட்டன. இரத்தம் கீழே இறங்கித் தேங்குகிறது. தேங்கின இடத்தில் தோல் கெட்டுப் புண்ணும் ஆறாது. பாதத்துக்கு இறங்குகிற இரத்தம் சரியா என்று கணுக்காலில் பிரஷர் பார்க்கிற பட்டி கட்டியும் பார்த்தார். அது சரியாக இருந்ததால்தான் எனக்கு இறுக்கமான மேஸ் போடலாம் என்றார். மேஸ் என்றால் முழங்கால் வரைக்கும் வருகிற காலுறை. புண்ணுக்கு மருந்து கட்டி, அதற்கு மேலே போட வேண்டும். கெட்ட நரம்பைச் சூடு வைத்து மூடுவதைப் பிறகு பார்க்கலாமாம்.

"காலையில கண் முழிச்சதும் போடணும். கால் தரையில படுறதுக்கு முந்தி. எறங்கி நின்னா இரத்தமும் எறங்கிரும்."

எனக்கு முதுகு வளையாது, விரல்களும் முடங்கிப்போனவை. பிள்ளைகள் கொழும்பில். டாக்டர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "நீங்கதான் போட்டு விடணும்" என்றார். அவர் "சரிங்க" என்றுவிட்டார். எனக்கு உடம்பு கூசிப் போனது. புருஷன் பெண்டாட்டி காலைத் தொடுவதா? கல்யாணத்தன்று அம்மி மேல் என் காலைத் தூக்கி வைத்து மெட்டி போட்டார். அதோடு சரி. தூக்கத்தில் என் கால் அவர் மேல் பட்டால்கூடத் தொட்டுக் கும்பிட்டுக்கொள்கிறவள் நான்.

அதனால் அவர் முழிப்பதற்குள் எழுந்து, அடுப்பு மூட்டி, தண்ணீர் பிடித்து, வெயில் ஏறின பிறகு நானே மேஸை இழுத்துப் போட்டேன். அதற்குள் கால் வீங்கியிருக்கும். பாதிக்கு மேல் ஏறாது. மிச்சத்தைக் கீழே சுருட்டி விட்டுக்கொள்வேன். சுருட்டின இடம் கயிறு மாதிரி இறுக்கும். இறுக்கினால் நல்லதுதானே என்று இருந்தேன்.

அடுத்த தடவை டாக்டர் மேஸைக் கழற்றினார். கெண்டையில் ஆழமாக ஒரு பள்ளம். அதற்குக் கீழே கால் உப்பி, புண் அகன்றிருந்தது. அவர் கோபப்படவில்லை. "இப்படியே போனா வார்டுல வச்சு, வேற எடத்துத் தோலை எடுத்து ஒட்ட வேண்டி வரும் அம்மே" என்று மெதுவாகச் சொன்னார். பஸ்ஸில் திரும்பி வரும்போது வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் விடியக்காலையில் முழித்தபோது கட்டிலின் கால்மாட்டில், தரையில் உட்கார்ந்திருந்தார். கையில் மேஸ்.

"கால எறக்காத."

"ஐயோ, நீங்க தொடக் கூடாதுங்க. பாவம்."

"யாருக்குப் பாவம்?"

"எனக்குத்தான்."

"ஒனக்குத்தானே? அப்பச் சரி, நீட்டு."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நீட்டினேன். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்த கை. புண்ணில் உராயாமல் பார்த்துப் பார்த்து ஏற்றினார். முடித்துவிட்டுப் பார்த்தால் மேஸின் குதிகால் பக்கம் முன்னால் வந்து துருத்திக்கொண்டு இருந்தது.

"மெட்டியும் இப்படித்தான் வெரல் மாத்திப் போட்டீங்க" என்றேன்.

"அன்னைக்கும் நீ கால ஆட்டுன" என்றார்.

மதினிக்கு எப்படியோ தெரிந்துபோனது. வாசலில் நின்று, "என்ன அண்ணே, மகாராணிக்குக் கால் புடிச்சாச்சா?" என்று கத்துவாள். "ஒன் வீட்டுக்காரர அனுப்பு தங்கச்சி, பழக்கி விடுறேன்" என்பார் இவர். கொஞ்ச நாள் கழித்து அவளே கதவைச் சாத்திவிட்டு வந்து சேலையைத் தூக்கிக் காட்டினாள். அவள் காலிலும் சுருள் சுருளாக நரம்பு. சிரிக்காமல், "நானும் போகணுமா மதினி?" என்று கேட்டாள். போகணும் என்றேன்.

புண் மெதுவாகத்தான் மூடியது. இப்போது அந்த இடத்தில் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய தோல். திரும்பவும் திறக்கக்கூடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் மேஸ் போடுவது நிற்கவில்லை. தினமும் முழித்தபடி, காலைத் தரையில் வைக்காமல், அவருக்காகப் படுத்திருக்கிறேன். மலையேறினதுகூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை. போட்டு முடித்ததும் அவர் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். அவர் வேறெங்கோ பார்ப்பார்.

டாக்டர் சொன்னதில் எதையாவது மாற்றி எழுதியிருப்பேன். படித்தவர்கள் யாராவது ஒரு டாக்டரிடம் காட்டிச் சரிபார்த்துத் தாருங்கள். முக்கியமாக, பாதத்துக்கு இறங்குகிற இரத்தத்தைப் பார்த்த பிறகுதான் காலை இறுக்கலாம் என்று எழுதியிருக்கிறேனே, அந்த இடத்தைப் பாருங்கள். என்னை மாதிரி ஒருத்தி இதை வாசித்துவிட்டுத் தானாகவே கட்டிக்கொள்ளக் கூடாது.