மெஷின் போட்ட மார்க்

போன மாதம் உடையார்பாளையம் கடைவீதியில் ஆளுக்கு ஒரு பொட்டலம் முந்திரி கொடுத்தேன். எதற்கு? நான் மார்க் வாங்கியதற்கு!

நான் பத்தி எழுதும் பத்திரிகை ஆபீசில் புதிதாக ஒரு சாஃப்ட்வேர் போட்டிருக்கிறார்கள். கட்டுரையை உள்ளே விட்டால் போதும் — வாக்கியம் எவ்வளவு நீளம், எப்படியெல்லாம் சுற்றிக்கொண்டு போகிறது என்று அளந்து மார்க் போட்டுவிடும். எனக்கு நூற்றுக்குத் தொண்ணூற்று இரண்டு. பக்கத்துப் பத்தி எழுதும் பேராசிரியருக்கு முப்பதுதான்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கொட்டை உடைக்கும் கூலியாகப் போய், இன்று சொந்தமாக முந்திரி ஆலை வைத்திருக்கிறேன். வாரா வாரம் போட்டோவோடு பத்தியும் வருகிறது... சும்மா விடுவேனா?

மறுநாள் உதவி ஆசிரியர் கயல்விழி போன் செய்தார்.

"ஐயா, முந்திரியெல்லாம் குடுத்தீங்களாமே?"

"உனக்கும் எடுத்து வச்சிருக்கேம்மா."

"ஐயோ, அது சிக்கலுக்குப் போடுற மார்க்குங்க. ஏற ஏற, படிக்கிறவங்களுக்குக் கஷ்டம். இனிமே நாப்பதுக்குள்ள வரலைன்னா பத்திய நிறுத்தச் சொல்லிட்டாங்க."

முந்திரியிலும் நம்பர் ஏற ஏறப் பருப்பு சிறுத்துத்தான் போகும். ஒரு பவுண்டுக்கு எத்தனை பருப்பு என்பதுதான் அந்த நம்பர். நூற்றெண்பது என்றால் ராஜா. முன்னூற்று இருபது அதற்குக் கீழே. காலமெல்லாம் அந்த நம்பரில் பிழைத்தவனுக்கு இது ஏன் உறைக்கவில்லை? மார்க் என்றதும் மயங்கிவிட்டேன். வாங்கிப் பழக்கமில்லை, பாருங்கள்.

பேசுகிற மாதிரியே எழுதுகிறவன் நான். மூச்சு முட்டினால்தான் முற்றுப்புள்ளி. அந்த நீள வாக்கியங்களைத் துண்டு துண்டாக வெட்ட உட்கார்ந்தேன். வெட்டி அனுப்பினேன்... அறுபது. மறுபடி வெட்டினேன்... ஐம்பது. கொட்டை உடைத்த காலத்தில்கூட கை இப்படி ஓய்ந்ததில்லை. கடைசியில் முப்பத்தெட்டு. பத்தி தப்பியது.

அது வெளியான அன்று டீக்கடைக்குப் போனேன். என் பத்தியைக் கடையில் வாய்விட்டு வாசித்துக் காட்டுவார் கடைக்காரர் செல்வராசு. கிளாஸை வைத்துவிட்டு என்னையே உற்றுப் பார்த்தார்.

"அண்ணே, ஒடம்புக்கு என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்லியே. ஏன்?"

"இல்ல... இந்த வாரம் வாசிச்சா மூச்சு வாங்குறாப்புல இருக்கு. மாடிப்படி ஏறிக்கிட்டே எழுதுனீங்களா? எதுக்கும் அரியலூர் போயி டாக்டரப் பாத்துட்டு வந்துருங்க."

பெஞ்சில் இருந்தவர்களும் "ஆமாங்க" என்றார்கள். மெஷின் கதையைச் சொல்லத் தெம்பில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இந்த வாரமும் புள்ளி மேல் புள்ளி வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். பயப்படாதீர்கள் — உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.