வீக்கம் வடிந்த விரல்

வேம்பு ஏமாளி இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். சாரம் என்கிற எங்கள் பகுதியில் என் எதிர்வீட்டுக்காரி. பதினோரு வருஷமாகப் பக்கத்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி கம்பெனி வேலை. தண்ணீர் லாரிக்காரனையே நடுத்தெருவில் நிறுத்தி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பவள், சூப்பர்வைசர் ராஜவேலிடம் மட்டும் வாயே திறக்க மாட்டாள்.

அட்டை வெட்டும் மெஷினில் ஒரு சென்சார் உண்டு. கை உள்ளே போனாலோ, வயர் விட்டுப்போனாலோ மெஷின் கத்திக்கொண்டு நின்றுவிடும். "சும்மா சும்மா நிக்குது, வேல கெடுது" என்று ராஜவேல் வயரை மாற்றி முறுக்கி, டேப் சுற்றி, அதை ஊமையாக்கிவிட்டான். போன மாதம் பிளேடு வேம்புவின் வலது ஆள்காட்டி விரலைப் பதம் பார்த்தது. சின்ன வெட்டுதான். மறுநாள் விரல் சிவந்து, கொதித்து, வீங்கியது.

லீவு கேட்கப் பயந்துகொண்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போய், நம் ஊர் வழக்கப்படி, "வீக்கத்துக்கு ஒரு செட்டு குடுண்ணே" என்றிருக்கிறாள். உதிரி மாத்திரைகளைக் காகிதக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டே நாளில் வீக்கம் வடிந்தது. நாலாம் நாள் என் வாசலில் நின்று விரலை ஆட்டினாள்.

"பாத்தியா ரமீஜாக்கா? டாக்டரு எதுக்கு? நுனிதான் கொஞ்சம் மரத்தாப்ல இருக்கு."

நான் ஆஸ்பத்திரி லேபில் இருபது வருஷமாகக் குப்பை கொட்டுகிறவள். அவள் கையிலிருந்த கவரைப் பிடுங்கி, வெட்டிய மாத்திரைப் பட்டையில் பேரைப் படித்தேன். ஸ்டீராய்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அடிப்பாவி! வீக்கமாடி நோயி? தோலுக்கு அடியில காவக்கார செல்லுங்க இருக்கு. பாக்டீரியா சுவத்துல நம்ம ஒடம்புல இல்லாத சரக்கு ஒண்ணு இருக்கும். செல்லு மேல இருக்கிற சென்சாருல அது பட்டதும் செல்லு ஆள் கூப்புடும். ரத்தக்குழா அகலும், வெள்ளணு ஓடியாரும். செவப்பு, சூடு, வலி எல்லாம் அந்தச் சண்டைதான்டி. இந்த மாத்திர கிருமியக் கொல்லல, கத்துறவன் வாயப் பொத்திடுச்சு!"

"அப்ப கிருமி?"

"உள்ளதான் இருக்கு. கெளம்பு!"

எங்கள் ஆஸ்பத்திரியில் அவள் விரலிலிருந்து எடுத்த சீழை நான்தான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். கொத்துக் கொத்தாக இருந்தன, நாசமாய்ப் போறவை. எலும்புவரை இறங்கிவிட்டது என்றார் டாக்டர்.

"அக்கா, வெரலு போயிடாதுல்ல?"

மூன்றாம் நாள் விரலை இரண்டு கணுவோடு எடுத்துவிட்டார்கள்.

கட்டுப் பிரித்ததும் கம்பெனிக்குப் போனாள். கூடவே நானும் போனேன். "சின்ன வெட்டு. நீதான முத்த வுட்ட?" என்றான் ராஜவேல். நான் வாயெடுப்பதற்குள் வேம்பு மெஷினிடம் போய், இடது கையால் டேப்பை உரித்து, முறுக்கிய வயரைப் பிடுங்கி எறிந்தாள். மெஷின் காது கிழியக் கத்திக்கொண்டு நின்றது.

"ஏய், நிறுத்து அத!"

வேம்பு முதல்முறையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"கத்தட்டும்யா" என்றாள்.