மாப்பிள்ளை வீட்டுப் பத்திரிகை

கல்யாணப் பத்திரிகையை எல்லாரும் மேலேயிருந்து படிப்பாங்க. நான் கீழேயிருந்து படிப்பேன். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஒரு அச்சகத்துல பதினெட்டு வருஷமா புரூப் பாக்குதேன். பிள்ளையார் துணை, முகூர்த்த நேரம், மண்டபம் எல்லாம் எந்தப் பத்திரிகையிலயும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். கதை கிடக்கிறது கீழே, 'தங்கள் நல்வரவை விரும்பும்'னு போட்டு வரிசையா பேர் அடிக்கிறோமே, அங்கன. தாய்மாமன் பேர் மூணாவது இடத்துக்கு இறங்கியிருந்தா அந்த வீட்டுல ஏதோ உரசல். முதல் புரூப்புல இருந்த பேரை ரெண்டாவது புரூப்புல கோடு போட்டு அடிச்சிருந்தா சண்டை வெடிச்சாச்சு. அதே பேர் மூணாவது புரூப்புல கொட்டை எழுத்துல திரும்பி வந்தா, யாரோ போய் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்காக. எனக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். எங்க முதலாளி அண்ணாச்சி, "ஜோசியக்காரி, இந்த வீட்டுல என்ன நடக்குது?"ன்னு கேப்பாக. சொல்லுவேன். பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும். அந்தத் திமிரு எனக்கு நிறையவே உண்டு, மறைக்கல.

எனக்கு ஒரே தம்பி. மேலநீலிதநல்லூர்ல விதைக்கடை வச்சிருக்கான். அவனுக்கு ஒரே மக. அவன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சின அன்னைக்கு, எங்க வீட்டுக்காரவுகளை முதல் பந்தியில உக்காரச் சொல்லலைன்னு நான் இலையில கை வைக்காம எந்திரிச்சு வந்துட்டேன். அவுக பாட்டுக்கு ரெண்டாம் பந்தியில உக்காந்து, பாயசத்தை ரெண்டு தடவை வாங்கிக் குடிச்சுட்டு நிதானமா வந்தாக. கோவம் எனக்குத்தான். அதுக்கப்புறம் ரெண்டு வருஷத்து ஆடித்தபசுத் திருவிழா போயிட்டு. தம்பியும் பேசல, நானும் பேசல.

இந்த ஆவணியில அவன் மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை பனவடலிசத்திரத்துப் பையன்னு ஊர்ச்சனம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்க குடும்பத்துல பொண்ணு வீட்டுப் பத்திரிகையில அத்தை மாமா பேர்தான் முதல்ல வரும். பேர் இருந்தா உறவு இருக்கு. இல்லேன்னா அறுத்துவிட்டாச்சுன்னு அர்த்தம். பேர் இல்லாத பத்திரிகைக்கு எந்த மூஞ்சியோட மண்டபத்துப் படி ஏறுறது? தூக்கி வளத்த புள்ள கல்யாணத்தை நான் பாப்பேனா மாட்டேனாங்கிறது அந்த ஒரு வரியிலதான் கிடந்தது.

ஒரு ஞாயித்துக்கிழமை பக்கத்து வீட்டு அக்கா வாட்ஸ்அப்புல பத்திரிகையை அனுப்பிவிட்டாக. பழக்கதோஷம், நேரா கீழே போனேன். பேர் வரிசை. முதல் பேர் யாரோ. ரெண்டாவது யாரோ. கடைசி வரைக்கும் எங்க பேர் இல்லை. அதுக்கும் கீழே பொடி எழுத்துல அச்சகத்துப் பேர், அதுவும் எங்களது இல்லை. பாவி, பேரையும் எடுத்துட்டு, வேற இடத்துல போய் அடிச்சிருக்கான்!

அடுப்புல குழம்பு கொதிச்சுக்கிட்டே கிடந்தது. நான் நடுவீட்டுல உக்காந்து ஒப்பாரி வைக்காத குறைதான். "அந்தக் கல்யாணத்துக்கு இந்த வீட்டுல இருந்து ஒரு ஈ காக்கா போகக் கூடாது"ன்னு சத்தம் போட்டேன். எங்க வீட்டுக்காரவுக விசைத்தறியில முப்பது வருஷம் நின்னவுக. தறிச் சத்தத்துல பேசிப் பேசி மெதுவாப் பேசவே வராது. போனை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, மேலேயிருந்து ஒவ்வொரு எழுத்தா தெருவுக்கே கேக்கிற மாதிரி வாசிச்சாக. "எனது... இளைய... குமாரன்..." அங்கன நிறுத்திட்டு என்னைப் பாத்தாக.

"ஏட்டி, உன் தம்பிக்கு இளைய குமாரன் எப்போ பொறந்தான்?"

மாப்பிள்ளை வீட்டுப் பத்திரிகை! அதுல எங்க பேர் எப்படி வரும்? தினம் பத்து பேர்கிட்ட, "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா"ன்னு கேட்டுட்டுத்தான் பேப்பரையே கையில வாங்குவேன். எனக்குன்னு வரும்போது முதல் வரியைப் படிக்கல. அவுக சிரிச்ச சிரிப்பு இருக்கே, தறி ஓடுற மாதிரி நிக்கவே இல்லை. எனக்கும் அழுகையோட சிரிப்பு வந்துட்டு. குழம்பு அடிப்பிடிச்சதுதான் மிச்சம்.

மறுநாள் வேலையில உக்காந்தபிறகுதான் மண்டையில உறைச்சது. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பத்திரிகை கொடுக்க ஆரம்பிச்சாச்சு. கல்யாணத்துக்கு மூணு வாரம்கூட இல்லை. பொண்ணு வீட்டுப் பத்திரிகை எங்க? ஊர்ல இருக்கிற மத்த அச்சகங்கள்ல புரூப் பாக்கிறவங்க எல்லாரும் எனக்குப் பழக்கம். ஒவ்வொருத்தருக்கா போன் போட்டேன். எங்கயும் என் தம்பி வரல. அவன் எதையும் கடைசி நேரத்துக்குப் போடுறவன் இல்லை. மழைக்கு ஒரு மாசம் முன்னாடியே விதையை இறக்கி வைக்கிற ஆளு. அப்படிப்பட்டவன் ஒத்தை மக கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்காம உக்காந்திருக்கான்னா என்ன அர்த்தம்? வேற இடத்துல குடுக்க மனசு வரல, எங்கிட்ட வர முகமும் இல்லை. இதைப் படிக்கவா எனக்கு இவ்வளவு நேரம் ஆச்சு!

அண்ணாச்சிகிட்ட சொல்லிட்டு, கிடைச்ச பஸ்ல ஏறிட்டேன்.

கடையில நாலஞ்சு வெள்ளாமைச் சம்சாரிமாரு உளுந்து விதைக்கு நின்னுக்கிட்டிருந்தாக. தம்பி தராசுக்குப் பின்னால நின்னான். என்னைப் பாத்ததும் கையில இருந்த படியை அப்படியே வச்சுட்டான். எனக்கு நல்லபடியா பேச வரல.

"ஏலே, பத்திரிகைக்கு எழுதின மேட்டர் எங்க? மூணு வாரத்துல எப்ப அடிச்சு, எப்பக் குடுக்க? எல்லாத்துக்கும் நானேதான் வரணுமோ?"

அவன் மேசையைத் திறக்கல, எங்கயும் தேடல. சட்டைப் பையில இருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். பிரிச்சேன். பேர் வரிசையில முதல்ல எங்க வீட்டுக்காரவுக பேரும் என் பேரும். தாள் துணியா துவண்டு கிடந்தது. மடிப்பு எல்லாம் வெள்ளையா தேஞ்சு, நடுவுல கிழியப்போற மாதிரி இருந்தது. ஓரத்துல வேர்வை பட்டு மை ஊறியிருந்தது.

"நேத்துதான்க்கா எழுதுனேன்" அப்படின்னான்.

"ஆமாலே, தெரியுது"ன்னேன். அத்தனை சம்சாரிமாரு முன்னாலயும் நின்னு அழுதேன்.