கழுவாத சங்கிலி

அம்மா படுத்த ஒன்பதாம் நாள் காலையில் அத்தை என் கழுத்துச் சங்கிலியைக் கேட்டாள். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. ஆய்க்குடியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். டாக்டர் கையை விரித்து, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று சொல்லி நாலு நாள் ஆகியிருந்தது. அம்மா கண்ணைத் திறக்கவில்லை. மூச்சு மட்டும் வந்து போய்க்கொண்டிருந்தது.

"ஏட்டி, பொன்னாசை போகாமத்தான் உசுரு இழுத்துக்கிட்டுக் கெடக்கு. சங்கிலிய உரசி ரெண்டு சொட்டுப் பால் விட்டா நிம்மதியாப் போயிருவா."

நான் தென்காசியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறவள். விடுவேனா? தங்கம் பாலில் கரையாது என்று சத்தம் போட்டேன். தண்ணீரும் காற்றும் தலைகீழாக நின்றாலும் தங்கத்தோடு ஒட்ட முடியாது. கந்தகம் உள்ள பொருள் பட்டால் மட்டும் மேலே பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடி லேசில் விடாது. நம் தோலிலும் முடியிலும் கந்தகம் இருக்கிறது. ஆகவே பாலில் ஏதாவது இறங்கினால் அது என் கழுத்து அழுக்காகத்தான் இருக்கும், அதையா அம்மா வாயில் விடச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

அத்தை நீட்டிய கையை மடக்கவில்லை. வேதியியல் எனக்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான். பால் விட்டால் அம்மா போய்விடுவாள் என்று பயந்து செத்தேன். கரையாது என்று அடித்துச் சொன்ன எனக்குத்தான் அந்தப் பயம்.

பொன்னாசை என்ற சொல்லும் சுட்டது. எனக்கு வேலை கிடைத்தபோது அம்மா தன் வளையலை அழித்துச் செய்துபோட்ட சங்கிலி அது. குற்றாலத்தில் சாரல் விழுந்தால் இருவரும் போய்விடுவோம். அருவிக்குள் நுழைந்ததும் பின்னால் நின்று, சங்கிலியையும் என் சுடிதார் கழுத்தையும் சேர்த்துக் கொத்தாகப் பிடித்துக்கொள்வாள். தண்ணீர் மண்டையில் அறைகிற அறையில் எனக்கு மூச்சு முட்டும். அவளோ, "ஏட்டி, சங்கிலி இருக்கா?" என்று காதுக்குள் கத்துவாள். என்னைவிட உனக்குச் சங்கிலிதான் பெரிசு என்று வெளியே வந்து சண்டை போடுவேன். போன வருஷமும் போட்டேன். ஈரத்தலையோடு பஸ் ஸ்டாண்டு வரை பேசாமல் வந்தோம்.

கடைசியில் அத்தையின் பிடிவாதத்துக்கு இணங்கி, கொக்கியைக் கழற்றக் கை பிடரிக்குப் போனபோதுதான் உறைத்தது. அந்தப் பாறையில் எத்தனையோ தடவை எனக்குக் கால் வழுக்கியிருக்கிறது. ஒரு தடவைகூட விழுந்ததில்லை.

அத்தை சந்தனக்கல்லை எடுத்து வைத்தாள். நான் சொன்ன அழுக்கை நினைத்து, சங்கிலியைச் சோப்புப் போட்டுக் கழுவ எழுந்தாள்.

"கழுவ வேண்டாம் அத்தை. அம்மாவுக்கு அந்த அழுக்குதான் வேணும்."

சங்கிலியை வாங்கிக் கல்லில் நானே உரசினேன். கொஞ்ச நேரத்தில் அத்தை போதும் என்றாள். அது லேசில் வராது அத்தை என்று சொல்லிவிட்டு, உரசிக்கொண்டே இருந்தேன்.