வெர்லீன் எடுக்காத பாட்டு

சீயோன் மேட்டுச் சபையில் ஆளுக்கொரு பாட்டு உண்டு. உரியவர் உயிரோடு இருக்கும்வரை அதை இன்னொருவர் எடுத்துக் கொடுக்க மாட்டார். எவ்வளவு நல்ல குரலாக இருந்தாலும் சரி, அடுத்தவர் பாட்டில் வாய் வைத்தால் சபைப் பெண்கள் பேசியே கொன்றுவிடுவார்கள். அமெரிக்காவின் தெற்கே, அலபாமாவில் கறுப்பின மக்கள் வாழும் அந்தச் சின்ன ஊரில் எத்தனையோ சட்டங்கள் மாறின. இது மட்டும் மாறவில்லை.

வெர்லீனின் அக்கா ஓசெல்லாவின் பாட்டு அடிமைக் காலத்திலிருந்து வந்தது. "பூட்டு உன் கையில் இருக்கட்டும்" என்று ஓசெல்லா எடுப்பாள். "கதவை நாங்கள் செய்தோம்" என்று வெர்லீன் முதல் ஆளாகப் பதில் கொடுப்பாள். பிறகுதான் சபை சேர்ந்துகொள்ளும். ஓட்டுரிமை கேட்டு நீதிமன்றத்துக்கு ஊர்வலம் போனபோது இந்தப் பாட்டோடுதான் போனார்கள். போலீஸ் வேனில் ஏற்றிய பிறகும் ஓசெல்லா வாயை மூடவில்லை. அவள் சிறையிலிருந்து வந்த மறுவாரம் வீட்டுக் கதவைத் துப்பாக்கிக் குண்டு துளைத்தது. அப்பா அவளை வடக்கே டெட்ராய்ட் நகரத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

அப்புறம் அவள் வரவேயில்லை. முதலில் பயம், பிறகு தொழிற்சாலை வேலை, பிள்ளைகள், கடைசியில் முழங்கால் வலி. கேட்கும்போதெல்லாம் "அடுத்த வருஷம் பாரு" என்பாள். பள்ளிக்கூடச் சமையலறையில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சோள ரொட்டி சுட்டுப் போட்டபடி, அந்த அடுத்த வருஷத்தை நம்பியே வெர்லீன் கிழவியாகிவிட்டாள். அந்த ஊர்வலத்தை நினைத்து வருஷா வருஷம் நடக்கும் ஊர்வல நாள் ஆராதனையில் ஓசெல்லாவின் பாட்டு வரவேண்டிய இடம் வந்ததும் எல்லோரும் எழுந்து சும்மா நிற்பார்கள். அந்த மௌனம் வெர்லீனுக்கு வேண்டியிருந்தது. அக்காவுக்காக இடம் பிடித்து வைத்திருப்பதாக நினைத்துக்கொள்வாள்.

புதிதாக வந்த பாஸ்டர் அந்த இடத்தில் பாடகர் குழுவைப் பாட வைக்கலாமே என்று கேட்டுப் பார்த்தார். வெர்லீன் கையிலிருந்த கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"எங்க அக்கா இன்னும் சாகல, பாஸ்டர்."

அவர் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டார்.

இந்த வருஷம் ஊர்வல நாளுக்கு முந்தின வாரம் ஓசெல்லாவே போன் செய்தாள். சபை விருந்துக்குக் கெளுத்தி மீன் வறுப்பது யார், உப்புப் போடத் தெரியாத லூவீனியாவை இன்னுமா கீரைச் சட்டிப் பக்கம் விடுகிறீர்கள் என்று வழக்கம்போல வம்பளந்தாள். பிறகு குரல் தணிந்தது.

"இந்த வாட்டி பாட்டை நீ எடுடி."

அதற்கு என்ன அர்த்தம் என்று அந்தச் சபையில் குழந்தைக்கும் தெரியும்.

"நீ வந்து எடு. நான் மாட்டேன்."

"பஸ்ஸும் கூடாது, பிளேனும் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருடி. நான் போனப்புறம் நீ பாடினா எனக்கெப்படிக் கேக்கும்?"

வெர்லீன் போனை வைத்துவிட்டாள். அந்த வாரம் அவள் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்கா மேல் அவ்வளவு கோபம், அதைவிடப் பெரிய ஏக்கம்.

ஊர்வல நாளன்று ஆராதனை நடுவில் அவளே டெட்ராய்டுக்குப் போன் போட்டு, லூவீனியாவின் கையில் கொடுத்து உயரப் பிடிக்கச் சொன்னாள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். மௌனம் வழக்கத்தைவிட நீண்டது. பிறகு வெர்லீன் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள்.

"பூட்டு உன் கையில் இருக்கட்டும்..."

பதில் வரவில்லை. முதல் பதில் இத்தனை காலமும் வெர்லீனுடையதாயிற்றே. அதில் யார் வாய் வைப்பது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

போனிலிருந்து மூச்சு வாங்கும் கரகரத்த குரல் வந்தது.

"கதவை நாங்கள் செய்தோம்."

அதன்பின் சபையைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. பாடி முடித்ததும் வெர்லீன் போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

"ரொம்ப மெதுவா எடுத்தே. இந்த நடையில போயிருந்தா கோர்ட்டுக்கு இன்னும் போய்ச் சேர்ந்திருக்க மாட்டோம்," என்றாள் ஓசெல்லா.

"அப்ப அடுத்த வருஷம் நீயே வந்து எடு."



"சரிடி," என்றாள் அக்கா. "அடுத்த வருஷம்."