பார்க்காமல் எழுதிய பூநாரைகள்

கொழும்பில் உள்ள ஒரு விளம்பர நிறுவனத்துக்கு, மன்னாரில் என் வீட்டு மேசையில் இருந்தபடி தமிழில் எழுதிக் கொடுப்பது என் தொழில். குடித்துப் பார்க்காத பால்மாவுக்கும் பூசிப் பார்க்காத கிறீமுக்கும் எழுதியிருக்கிறேன். அதில் எனக்கு வெட்கம் இருந்ததில்லை. கல்யாணத் தரகர் மாப்பிள்ளைகளைக் கட்டிப் பார்த்துவிட்டா புகழ்கிறார்?

என் வீடு நிற்கும் அதே வளவில்தான் அக்காவின் வீடும். அத்தான் கடல்தொழில் செய்தவர். போன வருடம் இயந்திரத்தில் கை சிக்கியதிலிருந்து அவரால் வலை இழுக்க முடியாது. பக்கத்தில் கடல்நீர் தேங்கும் களப்பில் பறவை பார்க்க வருகிறவர்கள் தங்கட்டும் என்று வீட்டோடு சேர்த்து இரண்டு அறைகள் கட்டினார்கள். இனி அடுப்பெரிவது அந்த அறைகளை நம்பித்தான். முகநூலில் போட ஏதாவது எழுதித் தா என்று அக்கா கேட்டாள். பத்து நிமிடத்தில் எழுதினேன்: "விடியலில் வாருங்கள். களப்பு முழுக்க ரோஜா நிறக் கம்பளம். பூநாரைகள், நிச்சயம்!"

அத்தான் வாசித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"நிச்சயமெண்டு ஏன் போட்டனீர்?"

கடலுக்குப் போகிற வீட்டில் நாளைக்கு மீன் படும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. படகு புறப்படும்போது எப்போது திரும்புவீர்கள் என்றும் கேட்பதில்லை. "பாப்பம்" என்பார்கள், அவ்வளவுதான். நானும் அதே கரையில் பிறந்தவள், எனக்குத் தெரியாததல்ல. ஆனால் நிச்சயம் இல்லாத விளம்பரம் உப்பில்லாத கஞ்சி.

"உங்கட கடல் வேற, என்ர தொழில் வேற, அத்தான்," என்றேன்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. பக்கத்தில் இருக்கிற அந்தக் களப்புக்கு நான் ஒருநாளும் விடியலில் போனதே இல்லை. பஸ் யன்னலால் தூரத்து வெள்ளைப் புள்ளிகளைக் கண்டதோடு சரி.

முதல் விருந்தாளிகளாக ஹட்டன் பக்கமிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியினர் வந்தார்கள். "ரிட்டயர் ஆன பிறகு நாங்க போற முதல் பயணம். நிச்சயம்னு போட்டிருந்தீங்க, அதான் இங்க வந்தோம்," என்றார் மனைவியான டீச்சர். நான் அவசரமாக அவர்களின் பைகளைத் தூக்கிக்கொண்டேன்.

மறுநாள் விடியலில் எல்லோரும் களப்புக்குப் போனோம். சேறும் தண்ணீரும் காற்றும்தான் இருந்தன. தூரத்தில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. என் வாய் பழக்கதோஷத்தில் திறந்தது.

"நேற்றுப் பின்னேரம் வரைக்கும் இஞ்சதான் நிண்டது, டீச்சர்."

"இல்லை டீச்சர்," என்றாள் அக்கா உடனே. "இந்தமுறை இஞ்ச இன்னும் ஒண்டும் வரேல்லை. இவள் பாக்காமல் எழுதிப்போட்டாள்."

அந்தச் சேற்றுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. "இன்னைக்கே கிளம்பிடுவோமா?" என்று கணவர் மனைவியிடம் மெதுவாகக் கேட்டார். அக்கா அதைக் கேட்டுவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

அத்தான் கொஞ்சம் தள்ளி நின்று கரையோர ஊரான விடத்தல்தீவில் இருக்கும் ஒரு கூட்டாளிக்குப் போன் எடுத்தார். திரும்பி வந்து, "ஓட்டோவில ஏறுங்கோ. பாப்பம்," என்றார். நானும் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு ஏறினேன்.

விடத்தல்தீவுக் கரையில் இறங்கியபோது தண்ணீருக்கு நடுவே நீளமாய் ஒரு மணல்திட்டு தெரிந்தது. அந்த மணல்திட்டு நடந்தது.

ஆயிரமா, ஐயாயிரமா, எனக்கு எண்ணத் தெரியவில்லை. கம்பளமும் இல்லை, ரோஜாவும் இல்லை. பழைய வெள்ளைச் சட்டையில் சாயம் பட்டுக் கழுவியது போன்ற நிறம். தலையைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் விட்டு, காலால் சேற்றை மிதித்து மிதித்து மேய்ந்தன. கோயில் திருநாளில் பூசை தொடங்குமுன் சனம் கதைக்குமே, அப்படியொரு முணுமுணுப்பு. எங்கோ ஒரு படகு இயந்திரம் உறுமியது. அவ்வளவும் ஒன்றாய்ச் சிறகை விரித்தன. உள்ளே ஒளித்து வைத்திருந்த சிவப்பும் கறுப்பும் வானம் முழுக்கத் திறந்தன. தலைக்கு மேலால் போனபோது சிறகுக் காற்றின் இரைச்சல் நெஞ்சுக்குள் கேட்டது. எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருடம் இதற்குப் பக்கத்தில் சோறு தின்று, தூங்கி, பால்மாவைப் புகழ்ந்துகொண்டிருந்திருக்கிறேன். பன்னிரண்டு வருடமாகச் சொல் விற்றுப் பிழைத்தவளிடம் ஒரு சொல்கூட இருக்கவில்லை. டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர்கள் அன்று கிளம்பவில்லை. இன்னும் மூன்று நாள் தங்கி, அக்காவின் நண்டுக் கறியைக் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார்கள். புறப்படும்போது டீச்சர் அத்தானிடம் கேட்டார்.

"அடுத்த வருசம் பேரப்பிள்ளைங்கள கூட்டிட்டு வரலாம்னு இருக்கோம். பறவைங்க இருக்குமா?"

அத்தான் தன் மடங்காத விரல்களைத் தடவினார்.

"பறவையைப் பற்றித் தெரியாது, டீச்சர். நாங்கள் இருப்பம்."

அதுவரை நாளையைப் பற்றி அவர் யாருக்கும் வாக்குக் கொடுத்து நான் கேட்டதே இல்லை. அன்று மத்தியானம் முகநூலில் நான் எழுதியதை எல்லாம் அழித்துவிட்டு, அவர் சொன்ன இரண்டு வரிகளை மட்டும் போட்டேன்.