நேர்ந்துவிட்ட வெடைக்கோழிக்கு வைத்தியம்

சாமிக்கு நேர்ந்துவிட்ட கோழிக்குத் தன் இஷ்டத்துக்குச் சாக உரிமை கிடையாது. சொன்ன இடத்தில், சொன்ன காரியம் முடிந்த பிறகு, அதற்கென்று வைத்த கத்தியில்தான் சாகலாம். நடுவில் நோயில் போய்ச் சேர்ந்தால் வேண்டுதல் பாழ். மாற்றுக்கோழி செல்லாது. உடம்பில் ஊனம் இருந்தாலும் செல்லாது. இதெல்லாம் என் மனைவி சொன்ன விதிகள். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். எந்த விதியிலும் ஒரு சந்து கண்டுபிடித்துவிடுவேன். இதில் ஒன்றும் அகப்படவில்லை.

எங்கள் மகளுக்கு முதல் இரண்டு கருவும் தங்கவில்லை. மூன்றாவது தங்கி ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. வேலூரில் மாமியார் வீட்டில், கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்ற உத்தரவின்கீழ் படுத்திருந்தாள். கரு உறுதியானதுமே என் மனைவி கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் குலதெய்வத்துக்கு வேங்கிக்காலில் எங்கள் வீட்டில் வளரும் கோழிகளில் ஒன்றை நேர்ந்துகொண்டாள். ஆறில் இளையது, இன்னும் முட்டையிடாத செவலை வெடை. பிரசவம் நல்லபடியாக முடிந்தால் அது அம்மனுக்கு. மகளுக்குத் துணையாக அவள் வேலூர் போகாததற்கும் அந்தக் கோழிதான் காரணம். சாமி கோழியை என்னை நம்பி விட்டுப்போக அவள் தயாராக இல்லை.

மகளுக்கும் விஷயம் தெரியும். தினமும் காலையில் போன் செய்வாள். அவள் உடம்பைப் பற்றி நான் கேட்பதற்குள் அவள் கேட்பாள்: "கோழி சாப்பிட்டுச்சாப்பா?"

"எம்.எஸ்ஸி. படிச்சவ கேக்கற கேள்வியா இது?" என்று ஒருநாள் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அதன் பிறகு நானும் சிரிக்கவில்லை.

அந்தக் கோழிதான் இளைக்க ஆரம்பித்தது. கொண்டை வெளுத்தது. இறக்கையைத் தொங்கப்போட்டு மூலையில் நின்றது. தூக்கிப் பார்த்தால் இறக்கைக்கு அடியில் பேன் ஊர்ந்தது. எச்சத்தில் நூல்நூலாகப் புழு.

முறைப்படி செய்தேன். எடைக்குத் தகுந்த அளவில்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்பதால் மஞ்சள் பையில் போட்டு மளிகைக் கடைத் தராசுக்குக் கொண்டுபோனேன்.

"கறிக்கு ஜாஸ்தி தேறாதே சார்" என்றார் கடைக்காரர்.

"மருந்துக்குங்க."

"எந்த வைத்தியர் சார் கோழிய மருந்துக்குக் கேட்டாரு?"

அன்று பௌர்ணமி. பாதி சாலைகளை அடைத்திருந்தார்கள். கிரிவலம் போகிற கூட்டத்துக்கு எதிராக ஸ்கூட்டரில் கோழியோடு போனேன். கால்நடை மருத்துவர் குடற்புழு மருந்து கொடுத்து, துளிக்கணக்கு எழுதி, இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒரு வேளை என்றார். மருந்து கொடுத்த பிறகு கொஞ்ச நாளைக்கு அறுத்துச் சாப்பிட வேண்டாம் என்றும் எச்சரித்தார். சாப்பிடப் போவது யார் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

பழைய ஏர்கூலரின் தகரப் பெட்டியைக் காலி செய்து கோழியை அதில் தனிமைப்படுத்தினேன். இறகுக்குள் சாம்பலும் வேப்பிலைத் தூளும் தேய்த்தேன். மற்ற கோழிகளின் கூண்டுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். மருந்து கொடுத்த நேரம், எச்சத்தின் நிறம் எல்லாவற்றையும் நோட்டில் குறித்தேன். இரண்டு வாரத்தில் பேன் போயிற்று, புழு போயிற்று. கோழியும் போய்க்கொண்டிருந்தது. கம்பு, வேகவைத்த அரிசி, முட்டைக்கரு எதையும் தொடவில்லை. அலகைத் திறந்து சோற்றைத் திணித்தால் கழுத்தை உதறித் துப்பியது. தராசில் போட்டால் நோயோடு இருந்தபோதைவிடக் கம்மி.

மருத்துவருக்குப் போன் செய்தேன். "தனியா இருந்தா சில கோழி தீனி எடுக்காது சார். கூட்டத்தோட விடுங்க. மத்ததுங்க கொத்தறதப் பாத்துதான் இதுவும் கொத்தும்" என்றார்.

இரண்டு வாரம் பிரிந்திருந்த கோழியை மற்றவை அந்நியமாகத்தான் பார்க்கும். நடுவில் கம்பிவலை கட்டி ஒரு வாரம் பழக்கிவிட்டு விட வேண்டும் என்று படித்திருந்தேன். கோழியிடம் ஒரு வாரம் இல்லை.

"பொழுது சாஞ்சதும் கூண்டுல அதுங்க நடுவுல வச்சிடுங்க. காலையில ஒண்ணா எறங்கும். எங்கம்மா வீட்ல அப்டிதான்" என்றாள் மனைவி.

"கண்காணிப்பு இல்லாம விடக்கூடாது. பகல்ல, நான் பக்கத்துல இருக்கும்போதுதான் விடணும்" என்றேன்.

மறுநாள் காலை துடைப்பத்தோடு ஸ்டூலில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். செவலை நாலு அடி நடந்தது. கூட்டத்திலேயே பருத்த கறுப்புக்கோழி தலையைச் சாய்த்துப் பார்த்தது. நான் எழுந்து நிற்பதற்குள் பாய்ந்து இரண்டு முறை கொத்தியது. இரண்டாவது கொத்து இடது கண்ணில். துடைப்பம் என் கையில்தான் இருந்தது.

மனைவி ஓடிவந்தாள். கோழியின் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த முறத்தோடு அரிசியைத் தரையில் கொட்டிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

ஐந்து கோழிகளும் அரிசிக்கு ஓடின. ரத்தம் ஒழுக ஒழுகச் செவலையும் ஓடியது. இடையில் புகுந்து கொத்தியது. ஒரு அரிசி, இன்னொன்று. தலையைத் திருப்பித் திருப்பி, தெரிகிற கண்ணால் தேடிக் கொத்தியது. கறுப்பு அதன் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுத் தன் தீனியைப் பார்க்கப் போயிற்று. அவ்வளவுதான், கூட்டத்தில் சேர்த்துக்கொண்டுவிட்டன.

"தின்னுது பாரு" என்றேன்.

"கண்ணு போன கோழிய எப்டிங்க அம்மனுக்குக் கொடுக்கறது?"

"நேர்ந்துகிட்டப்ப முழுசாத்தானே இருந்துச்சு? ஊனம் அதுக்கப்புறம் வந்தது. அந்தத் தேதியில இருந்த நிலைமையத்தான்..."

"ஆபீஸ் பைலா இது?" என்றாள். "ரெண்ட மண்ணுக்குக் கொடுத்துட்டு வந்து படுத்திருக்கா எம் பொண்ணு. அங்க போய் நின்னு தேதி சொல்லுவீங்களா?"

அம்மன் இருக்கிறாளா இல்லையா என்ற கேள்வியே அப்போது எனக்கு எழவில்லை. ஏற்றுக்கொள்வாளா மாட்டாளா என்றுதான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

போன் அடித்தது. மனைவி எடுக்காமல் என்னிடம் நீட்டினாள்.

"சாப்பிட்டுச்சாப்பா?"

"சாப்பிட்டுச்சும்மா. இப்பதான், எல்லாத்தோடயும் சேர்ந்து."

"நேத்தெல்லாம் வயித்துல அசைவே கம்மியா இருந்துச்சுப்பா. பயந்துட்டேன். ஒரு போட்டோ அனுப்புங்களேன். பாத்தா தைரியமா இருக்கும்."

பணியில் இருந்தவரை எந்தக் குறையையும் மறைத்து நான் எழுதிக் கொடுத்ததில்லை. மண்ணில் மண்டியிட்டேன். கோழி தலையைத் திருப்பும்வரை காத்திருந்தேன். வலது பக்கம் மட்டும் தெரியும்போது எடுத்தேன். மனைவி பக்கத்தில் வந்து குனிந்து திரையைப் பார்த்தாள்.

"கொஞ்சம் வெளிச்சமா இருக்கறத அனுப்புங்க" என்றாள்.

இன்னொன்று எடுத்து அனுப்பினேன். பிரசவத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. மகள் தினமும் போட்டோ கேட்டாள்.